பழைய கோல்ஃப் மட்டைகளின் விலை: ஏட்டுக் கணக்கும் சந்தைக் கணக்கும்

பணி ஓய்வு, இடமாற்றம், முழங்கால் வலி, குடும்பத் தலைவரின் மறைவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேரும்போதுதான், வீட்டின் மூலையில் ஆண்டுக்கணக்கில் சாய்ந்து நின்ற கோல்ஃப் பையின்மீது குடும்பத்தாரின் பார்வை விழுகிறது. வாங்கியபோது அதற்கு ஓர் இலட்சத்திற்கு மேல் செலவானது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்று அதன் விலை என்ன என்பது ஒருவருக்கும் தெரிந்திராது. அந்நிலையில் மன்றத்து நண்பரோ பழைய பொருள் வாங்குபவரோ முதலில் சொல்லும் தொகையே விலையாகிவிடுகிறது. அது நியாயமான தொகையாகவும் இருக்கலாம். நியாயமான தொகையில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று கணக்கிட்டு அறியும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல்ஃப் நம் நாட்டிற்குப் புதிய ஆட்டம் அன்று. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் மன்றங்களுள் அதுவே மிகப் பழமையானது. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் தோன்றியது. இராணுவக் குடியிருப்புகள், தேயிலைத் தோட்டங்கள், எஃகு நகரங்கள் ஆகிய இடங்களில் பணியாற்றியவர்களுக்கு இது அன்றாட மாலைப் பொழுதின் ஆட்டம். ஜம்ஷெட்பூரில் மட்டும் பெல்டி, கோல்முரி என இரண்டு திடல்கள் உள்ளன. ஆகவே நம் வங்கியில் ஓய்வூதியம் பெறுவோர் பலரின் வீடுகளில் இப்படியொரு பை இருப்பதில் வியப்பில்லை.

பையினுள் இருப்பவற்றை முதலில் இனம் பிரித்து அறிய வேண்டும். ஆட்ட விதிப்படி ஒருவர் ஒரு சுற்றில் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. அவற்றுள் மிக நீளமானதும் தலை பருத்ததும் டிரைவர். அதற்குச் சற்றுச் சிறியவை ஃபேர்வே வுட், ஹைப்ரிட் ஆகியவை. தட்டையான உலோகத் தலையும் எண்ணும் பொறித்தவை அயர்ன்கள். மணற்குழியிலிருந்து பந்தைத் தூக்கப் பயன்படும் சாய்முக மட்டை வெட்ஜ். குழிக்கு அருகில் பந்தை உருட்டும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். கோயில் பட்டருக்கும் ரொட்டியில் தடவும் வெண்ணெய்க்கும் இதனோடு உறவில்லை. இவற்றை ஒரே பொருளாகக் கருதி ஒரே விலை சொல்வதுதான் விற்பவர் பெரும்பாலும் இழப்புக்கு உள்ளாகும் இடம். ஏனெனில் ஒரே நாளில் வாங்கிய ஒரே பையில் உள்ள மட்டைகள் வெவ்வேறு வேகத்தில் மதிப்பிழக்கின்றன.

தேய்மானம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

வணிகவியல் பயின்றவர்களுக்குப் பழைய பொருள் என்றதும் தேய்மானம் நினைவுக்கு வரும். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு அதைப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை நிலவரமாகக் கொள்ள வேண்டா.

ஜம்ஷெட்பூரில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஏழாண்டுகளுக்கு முன் ஒரு முழுத் தொகுப்பை ரூ.1,80,000க்கு வாங்கினார் எனக் கொள்வோம். டிரைவர் ரூ.45,000. ஃபேர்வே வுட் ஒன்று ரூ.25,000. நான்காம் எண் முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஏழு அயர்ன்கள் ரூ.70,000. தனி வெட்ஜ்கள் இரண்டு ரூ.20,000. பட்டர் ரூ.15,000. பை ரூ.5,000. இப்போது அவர் இல்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கின்றனர். ஆடுபவர் எவரும் இல்லை. அவர்களிடம் ஒருவர் வந்து, மொத்தமாக ரூ.15,000 தருவதாகக் கூறுகிறார்.

நேர்க்கோட்டு முறையில், ஆயுள் 10 ஆண்டு, இறுதி மதிப்பு 10 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் ரூ.16,200. ஏழாண்டுகளுக்கு ரூ.1,13,400. எஞ்சுவது ரூ.66,600. குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 20 விழுக்காடு கழித்தால் அதே ஏழாண்டு முடிவில் எஞ்சுவது ஏறக்குறைய ரூ.37,750. ஒரே பை, ஒரே நாள், இரண்டு மதிப்புகள்; வேறுபாடோ ஏறத்தாழ ரூ.29,000. இரண்டு கணக்குகளிலும் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை. எனினும் இரண்டில் எதுவும் விலை அன்று.

காரணம் எளிது. தேய்மானம் என்பது செய்த செலவைப் பயன்பட்ட ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதும் முறை. அது பின்னோக்கிப் பார்க்கிறது. தொடக்கப் புள்ளி நீங்கள் கொடுத்த தொகை. வாங்க வருபவரோ நீங்கள் கொடுத்த தொகையைப் பற்றிக் கவலைப்படுபவர் அல்லர். இந்த மட்டையை வாங்காவிட்டால் தமக்கு வேறு என்ன கிடைக்கும், எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பதையே அவர் எண்ணுகிறார். ஆகவே விலைக் கணக்கை அவருடைய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மேல் வரம்பை முதலில் காண்க

இந்த ஆட்டத்தின் பெரிய உற்பத்தியாளர்கள் டிரைவரில் ஆண்டுதோறும் அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய மாதிரியை வெளியிடுகின்றனர். புதியது வந்ததும், விற்காமல் கடையில் தங்கிய பழைய மாதிரியின் விலை குறைக்கப்படுகிறது. ரூ.45,000 விலையிட்ட மட்டை, உறை பிரிக்கப்படாமலே ரூ.32,000க்கு வந்துவிட்டது எனக் கொள்வோம். அந்த நாளில் அதே மாதிரியை இரண்டு திங்கள் மட்டும் ஆடிய ஒருவர் ரூ.38,000 கேட்டால் எவரும் வாங்கார். புதியதே ரூ.32,000க்குக் கிடைக்கிறது அன்றோ! அவர் கேட்கக்கூடியது ரூ.32,000க்கும் கீழே. ரூ.45,000 என்னும் பழைய எண் இக்கணக்கில் எங்கும் நுழைவதில்லை.

பழைய மட்டைக்கு மேல் வரம்பு என்பது, அதற்கு ஈடான புதியது இன்று எந்த மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதோ அத்தொகை. மாதிரி மிகப் பழையதாகிக் கடைகளில் இல்லை என்றால், அதே வேலையைச் செய்யக்கூடிய புதிய எளிய தொகுப்பின் விலையை வரம்பாகக் கொள்ளலாம். தொடக்க ஆட்டக்காரர்களுக்கென மட்டைகள் அனைத்தும் பையுடன் ஒரே பெட்டியில் விற்கப்படுகின்றன. உங்களுடைய பழைய தொகுப்பு அப்பெட்டியின் விலையைத் தாண்டும்போது, தாண்டுவதற்கான காரணத்தை வாங்குபவருக்கு நீங்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அங்கே பழைய மட்டைகளின் சந்தை மிகப் பெரியது. மாதிரி வாரியாக மாற்று விலை காட்டும் வழிகாட்டிகளும் உள்ளன. ஒரு மாதிரி மற்றொன்றைவிட எவ்வளவு மதிப்பைத் தக்க வைத்துள்ளது என்பதை அறிய அவை உதவும். அத்தொகையை அப்படியே நம் நாட்டு விலையாகக் கொள்வது பொருந்தாது. இங்கே விற்கும் புதிய மட்டையில் சுங்க வரியும் ஏற்றிவரும் கட்டணமும் அடங்கியிருப்பதால் மேல் வரம்பு உயர்கிறது. ஆடுவோர் எண்ணிக்கை குறைவாதலால் வாங்க வருவோர் குறைகின்றனர். அது விலையைக் கீழே இழுக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் ஒருவரிடம் சொல்லி வாங்கி வரச் செய்பவர்களும் உண்டு. இம்மூன்றும் கலந்த விளைவை எந்த அயல்நாட்டுப் பட்டியலும் காட்டாது. நம் நாட்டில் அதே மட்டைக்கு நான்கைந்து பேர் என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்ப்பதே நம்பத்தக்கது. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. விளம்பரத்தில் காண்பது கேட்கும் விலை. கைமாறும் விலை அதைவிடக் குறைவு. மூன்று மாதமாக அதே விலையில் தொங்கும் விளம்பரம் ஒன்று, அவ்விலைக்கு வாங்க ஆளில்லை என்பதையே அறிவிக்கிறது.

எது விரைந்து மதிப்பிழக்கும், எது நின்று பிடிக்கும்

டிரைவரின் கதை தொழில்நுட்பத்தின் கதை. முற்காலத்தில் அதன் தலை பெர்சிமன் என்னும் மரத்தால் ஆனது. டெய்லர்மேட் நிறுவனம் 1979இல் உலோகத் தலையைக் கொணர்ந்தது. காலவே நிறுவனம் 1991இல் பிக் பெர்த்தா என்னும் பெரிய தலை மட்டையை வெளியிட்டது. பிறகு டைட்டானியம் வந்தது. மர மட்டைகள் ஆட்டத்திலிருந்தே மறைந்தன. அவற்றுள் பல இன்னும் ஒரு கீறல் இன்றி இருக்கின்றன. ஆனால் ஆடுவதற்கு வாங்குவார் இல்லை. தேயாமலே மதிப்பிழக்கும் இத்தகைய நிலையைக் கணக்கியலில் வழக்கொழிவு என்பர்.

இன்று அந்த வேகம் சற்றுத் தணிந்திருக்கிறது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகலாகாது, முகத்தின் துள்ளும் தன்மையும் குறிப்பிட்ட அளவைத் தாண்டலாகாது என விதிகள் வரம்பிட்டுவிட்டன. ஆதலால் நான்காண்டு பழைய டிரைவருக்கும் புதியதற்கும் இடையே, வார இறுதியில் மட்டும் ஆடுபவர் உணரக்கூடிய வேறுபாடு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதே என் கருத்து. ஆயினும் விலை விளம்பரத்தைப் பின்பற்றியே விழுகிறது. விற்பவருக்கு இது வருத்தம், வாங்குபவருக்கு வாய்ப்பு.

பட்டர் இதற்கு நேர் எதிர். கார்ஸ்டன் சோல்ஹைம் 1966இல் பிங் நிறுவனத்தின் பெயரில் ஆன்சர் என்னும் பட்டரை வடிவமைத்தார். பின்னால் வந்த எண்ணற்ற பட்டர்களுக்கு அவ்வடிவமே முன்மாதிரி. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய வடிவம் இன்றும் வழக்கொழியாத நிலையில், ஏழாண்டுப் பட்டர் பழையதாவது எப்படி? பந்தை ஓங்கி அடிக்கும் வேலை அதற்கு இல்லை. ஆகவே தேய்வும் குறைவு. ஸ்காட்டி கேமரன் போன்ற சில பெயர்களுக்குச் சேகரிப்போரும் உண்டு. ஆதலால் பையை மொத்தமாகக் கொடுக்கும்போது, உள்ளே உள்ள பட்டர் எந்த நிறுவனத்தினது என்று பார்க்காமல் கொடுத்துவிடக் கூடாது.

இதிலும் ஒரு விலக்கு. உடலில் ஊன்றி நிறுத்தி வீசுவதற்கென வயிறு அளவு, மார்பு அளவு நீளத்தில் செய்த பட்டர்கள் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டன. அவ்வாறு ஊன்றி ஆடுவதை 2016 ஜனவரி 1 முதல் விதி தடை செய்தது. மட்டைக்குத் தடை இல்லை. ஊன்றி ஆடுவதற்கே தடை. எனினும் அந்த மட்டை எதற்காக வாங்கப்பட்டதோ அந்தப் பயன் போயிற்று. நீளப் பட்டர் வைத்திருப்போர் இதை மனத்தில் கொண்டே விலை சொல்ல வேண்டும்.

அயர்ன்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. மாதிரி மாற்றம் அவற்றை மெல்லவே பாதிக்கிறது. ஆனால் அவை தொகுப்பாகவே விலைபோகும். ஏழில் ஒன்று தொலைந்தால் ஏழில் ஒரு பங்கு விலை குறையும் என்று எண்ணுதல் தவறு. அதற்கு மேலும் குறையும். குறிப்பாக, பயில்வோர் மிகுதியாகக் கையாளும் ஏழாம் எண் இல்லாத தொகுப்பை எவரும் விரும்பார். வெட்ஜ் மட்டைகளோ மணலிலும் புல்லிலும் உராய்ந்து முகத்தின் வரிப்பள்ளங்கள் மழுங்கிவிடுவதால் விரைந்து தேய்பவை. விரல் நகத்தை வரியின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடைபட்டால் உயிர் இருக்கிறது. வழுக்கினால் அது பயிற்சிக்கு மட்டுமே.

நிலையைச் சோதித்தல்

டிரைவரின் தலையை ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் வைத்து முகத்தைக் காண வேண்டும். மயிரிழை அளவு விரிசல் இருந்தால் அதன் விலை ஏறத்தாழ முடிந்தது. மேற்புறத்தில் முன்விளிம்பை ஒட்டி வெண்ணிறத் தழும்புகள் இருக்கலாம். பந்தின் அடியில் மட்டை நுழைந்ததால் ஏற்படுபவை அவை; ஆட்டத்தைக் கெடுக்காவிட்டாலும் விலையைக் குறைக்கும். தண்டு எஃகாக இருந்தால் துரு, கிராஃபைட்டாக இருந்தால் நார்ப்பிளவு உள்ளதா எனப் பார்க்கவும். தலையைக் கழற்றி மாட்டும் அமைப்புடைய மட்டையாயின் அதற்குரிய திருகுச் சாவியும் தலை உறையும் உடன் இருக்க வேண்டும். கைப்பிடி ரப்பர் நம் நாட்டு வெப்பத்தில் சில ஆண்டுகளில் இறுகிப் பளபளப்பாகிவிடும். மாற்றிக் கொள்ளலாம், ஆனால் அச்செலவை வாங்குபவர் உங்கள் விலையிலிருந்து கழிப்பார்.

பொருத்தமும் ஒரு நிலைதான். இடக்கை மட்டைகள் எவ்வளவு நல்லவையாயினும் வாங்க வருவோர் சிலரே. ஆறடிக்கு மேற்பட்டவருக்கென நீட்டிய தண்டு, மிக வேகமாக வீசுபவருக்கான இறுக்கமான தண்டு ஆகியவையும் அவ்வாறே. பிங் அயர்ன்களில் வண்ணப் புள்ளி ஒன்று காணப்படும். அது அழகுக்கு அன்று. தலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணத்தைக் குறிப்பது. கறுப்புப் புள்ளி பொது அளவு. வேறு நிறமாயின், தமக்குப் பொருந்துமா என்று வாங்குபவர் எண்ணிப் பார்ப்பார். உரிமையாளர் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளத் தனியாகப் பணம் கொடுத்திருப்பார். அடுத்தவருக்கு அதுவே குறை.

போலி மட்டைகள் இச்சந்தையில் உலவுவதால், வாங்கிய இரசீதுக்குத் தனி மதிப்பு உண்டு. பல நிறுவனங்கள் தலையும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் வரிசை எண் பொறிக்கின்றன. இரசீதும் வரிசை எண்ணின் தெளிவான படமும் இருந்தால், வாங்குபவரின் தயக்கத்திற்காகக் கழிக்கப்படும் தொகை குறையும். திருட்டு அல்லது தீ விபத்து நேர்ந்து காப்பீடு கோரும்போதும் இவையே சான்று. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கோல்ஃப் ஆடுவோருக்கெனத் தனிப் பத்திரங்கள் வழங்குகின்றன. இழப்பீடு சந்தை மதிப்பில் தரப்படுமா, புதியது வாங்கும் விலையில் தரப்படுமா என்பதைப் பத்திரத்தில் படித்தறிந்து கொள்க.

கணக்கைப் போடுதல்

ஜம்ஷெட்பூர்ப் பைக்குத் திரும்புவோம். டிரைவர் மூன்று தலைமுறை பின்தங்கிய மாதிரி. ஒத்தவற்றுக்குப் பிறர் கேட்கும் விலை ரூ.10,000 முதல் ரூ.12,000 வரை. கைமாறும் விலை ரூ.9,000 எனக் கொண்டு, காணாமற்போன உறைக்கும் திருகுச் சாவிக்கும் ரூ.1,000 கழித்தால் ரூ.8,000. ஃபேர்வே வுட் ரூ.5,000. அயர்ன் தொகுப்பு ரூ.24,000, ஏழு கைப்பிடிகளை மாற்ற, ஒன்றுக்கு ரூ.700 வீதம் ரூ.4,900 கழிய ரூ.19,100. வெட்ஜ் இரண்டில் ஒன்று மழுங்கியது, ரூ.1,500, மற்றது ரூ.2,500. பட்டர் ரூ.8,000. பை ரூ.1,500. ஆக மொத்தம் ரூ.45,600.

ரூ.45,000 கொடுத்த டிரைவரும் ரூ.15,000 கொடுத்த பட்டரும் இன்று ஒரே விலை என்பதை நோக்குக. முன்னது ஆறில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கிவிட்டது. பின்னது பாதிக்கு மேல் காத்துக்கொண்டது. மொத்தத் தொகையில் 20 விழுக்காடு, 30 விழுக்காடு என்று கழிக்கும் எந்த முறையும் இதைக் காட்டியிராது.

ரூ.45,600 என்பது ஒவ்வொன்றாக, தேவைப்படுவோரைத் தேடி விற்றால் கிடைப்பது. பழைய மட்டை வாங்கி விற்கும் வணிகரிடம் ஒரே நாளில் கொடுத்தால் அதில் 60 விழுக்காடு தருவார் எனக் கொள்வோம், ஏறத்தாழ ரூ.27,000. அவரைக் குறை கூற இயலாது. கைப்பிடி மாற்றுவதும், விற்கும் வரை முதலை முடக்குவதும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தால் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. இதுவே கீழ் வரம்பு. இதற்கும் கீழே உள்ள எந்தத் தொகைக்கும், முதலில் வந்த ரூ.15,000 உட்பட, ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

காத்திருப்பதற்கு ஆகும் செலவையும் வங்கியாளர் கணக்கில் பார்த்துவிடலாம். இன்று ரூ.27,000 பெற்று, ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டு நான்கு மாதம் வைத்திருந்தால் வட்டி ரூ.630. காத்திருந்து பெறக்கூடிய கூடுதலோ ரூ.18,600. ஆகவே வட்டியை இழக்கிறோமே என்று அவசரப்பட வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று: அடுத்த மாதிரியின் வருகை. புதிய டிரைவர்கள் பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்கப்படுகின்றன. வட மாநிலங்களில் ஆட்டத்திற்கு ஏற்ற பருவமோ மழை ஓய்ந்த பின் தொடங்குகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் விற்பது இரண்டு வகையிலும் நன்று. டிரைவரை முதலில் விற்றுவிடுங்கள், பட்டர் காத்திருக்கும்.

சில குடும்பங்களில் மகனோ மகளோ தந்தையின் நினைவாகப் பட்டரை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புவர். அதை ரூ.8,000 எனப் பங்குக் கணக்கில் எழுதிக்கொள்வது முறை. ‘ஒரே ஒரு மட்டைதானே’ என்று எழுதாமல் விட்டால், ஆறில் ஒரு பங்கை விட மிகுதியான மதிப்பு கணக்கிலிருந்து நழுவுகிறது. உடன்பிறந்தோர் மனமொப்பி விட்டுக்கொடுப்பது வேறு; தெரியாமல் விட்டுவிட்டுப் பின்னர் தெரிய வருவது வேறு.

வரியைப் பற்றி ஒரு சொல். சொந்தப் பயன்பாட்டிற்கான அசையும் பொருள்கள், நகை, ஓவியம், சிற்பம் முதலிய சிலவற்றைத் தவிர, வருமான வரிச் சட்டத்தின்படி மூலதனச் சொத்து ஆவதில்லை. ஆதலால் தாம் ஆடிய மட்டைகளை ஒருவர் விற்பதில் மூலதன ஆதாய வரி எழுவதில்லை. தொழிலாக அல்லாமல் தம் பொருளைத் தாமே விற்கும் தனிநபருக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் இல்லை. பழைய பொருள் வணிகருக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடைப்பட்ட தொகைமீது மட்டும் அவ்வரி விதிக்கப்படும் முறை உள்ளது.

பணம் பெறும்போது விழிப்பாக இருக்க வேண்டும். இணைய விளம்பரம் கண்டு தொலைபேசியில் அழைப்பவர் தம்மை இராணுவ வீரர் என்று அறிமுகம் செய்துகொண்டு, சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் அனுப்பி, விலை பேசாமலே சம்மதித்து, முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புவது பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி. கோல்ஃப் மட்டைக்கு இராணுவத்தினர் வாங்குவோராக வருவது இயல்பே ஆதலால் இங்கு ஐயம் எழுவது கடினம். பணம் பெறுவதற்குக் குறியீட்டை வருடவோ யூபிஐ இரகசிய எண்ணை இடவோ தேவையே இல்லை. அவற்றைக் கேட்டால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்கே. ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்கவும்.

வாங்கும் பக்கத்தில் நின்று

இதே கணக்கு, பிள்ளைகளைக் கோல்ஃப் பயில அனுப்பும் பெற்றோருக்கு இன்னும் பயன் தரும். சிறுவர் மட்டைகள் உயரத்திற்கு ஏற்ப விற்கப்படுகின்றன. இரண்டாண்டில் குழந்தை வளர்ந்துவிடும். புதிய தொகுப்பை ரூ.24,000க்கு வாங்கி இரண்டாண்டு கழித்து ரூ.9,000க்கு விற்றால் உண்மைச் செலவு ரூ.15,000, மாதத்திற்கு ரூ.625. பழைய தொகுப்பை ரூ.10,000க்கு வாங்கி ரூ.6,000க்கு விற்றால் செலவு ரூ.4,000, மாதத்திற்கு ஏறத்தாழ ரூ.167. பழையதை வாங்குபவர், விலை செங்குத்தாக விழும் முதற் பகுதியை வேறொருவர் ஏற்ற பிறகு உள்ளே வருகிறார். எஞ்சிய தொகையில் பயிற்சிக் கட்டணம் சில மாதங்களுக்குக் கிடைத்துவிடும்.

2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற எஸ்.எஸ்.பி. சௌரசியா, ராயல் கல்கத்தா மன்றத்தில் புல்தரை பேணியவரின் மகன். அங்கேயே ஆட்டத்தைக் கற்றவர். திடல்களில் பை தூக்கும் கேடிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆடுவது இன்றும் பெரும்பாலும் பிறர் கைவிட்ட மட்டைகளால்தான். எனவே விற்கும் முன் உள்ளூர் மன்றத்தின் பயிற்சியாளரிடம் ஒருமுறை கேட்பது நல்லது. தேவைப்படுவோர் யார் என்பது அவருக்குத் தெரியும். மழுங்கிய வெட்ஜும் உறையில்லாத டிரைவரும் அங்கே விலை போகலாம். விலை போகாதவற்றை விலையின்றிக் கொடுக்கவும் அதுவே தக்க இடம்.